நட்சத்திர ஓட்டலில் நம் ரசம்

சென்னை கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஓட்டலுக்குள் 'ஆவர்த்தனா' என்றோர் உணவகம் இருக்கிறது. 2017-இல் தொடங்கியது. அங்கே ரசம் வரும் விதம் தனி. காப்பித்தூளை வெந்நீரில் ஊறவைத்து, மேலிருந்து சல்லடைத் தட்டால் அமுக்கி வடிப்பார்களே, அந்த ஃபிரெஞ்ச் பிரஸ் குடுவையில் பச்சைக் கொத்தமல்லித் தழை கிடக்கிறது. அதன்மேல் சூடான தக்காளி ரசம். தழை சற்று ஊறியதும் தட்டை அமுக்கிக் கண்ணாடிக் கோப்பையில் வார்க்கிறார்கள். பருப்பு மண்டி இல்லை, தக்காளித் தோல் இல்லை, மிதக்கும் கடுகும் கறிவேப்பிலையும் இல்லை. கோப்பையின் அடி தெரிகிறது. ஒரு மடக்குக் குடித்தால் சந்தேகமே இல்லை, ரசம்தான்.

'சோறு இல்லாமல் ரசமா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று. சொந்த ஊரின் பெரிய ஓட்டலில் இப்படி நடுமேசைக்கு வந்து உட்கார நம் ரசத்துக்குப் பல தலைமுறை பிடித்தது.

வெள்ளைக்காரர் காலத்து மதராஸ் விடுதிகளிலும் கிளப்புகளிலும் அது மிளகுத்தண்ணி சூப்பாகத்தான் பிழைத்திருந்தது. கோழியோ ஆட்டிறைச்சியோ வெந்த சாறு, அதில் கறி மசாலா, கெட்டியாக்கக் கொஞ்சம் மாவு, மேலே ஒரு கரண்டி சோறு. மயிலாப்பூர் வீட்டு ஈயச்செம்பில் நுரை கட்டியதற்கும் இதற்கும் தூரத்து உறவு என்று சொல்லலாம். மதராஸ் மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு 'மல்' என்றே பட்டப்பெயர் விழுந்தது; அந்த சூப்பின் ஆங்கிலப் பெயரிலிருந்து வெட்டியெடுத்த பெயர் அது. அவ்வளவு பிரபலமான சூப்பைச் செய்த பட்லர்களின் பெயர்கள் எங்கேயும் எழுதப்படவில்லை.

வெள்ளைக்காரன் போனபிறகாவது நம் சாப்பாடு உள்ளே வந்ததா என்றால், உடனே வரவில்லை. 1974-இல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் திறக்கிறது. அடுத்த ஆண்டு, 1975-இல், ஐ.டி.சி. நிறுவனம் தன் ஓட்டல் தொழிலையே சென்னையில்தான் ஆரம்பிக்கிறது. ஓட்டலுக்குப் பெயர் சோழா. அந்த ஓட்டலின் பேர்பெற்ற சாப்பாட்டுக் கூடமாகப் பின்னாளில் விளங்கியது 'பெஷாவரி', அதாவது இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப்புறச் சமையல். ராஜராஜன் வம்சத்துப் பெயர் தாங்கிய கட்டடத்தில் விருந்தென்று சொன்னால் தந்தூரி ரொட்டியும் கெட்டிப் பருப்பும். அன்று அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

காரணங்கள் இருந்தன. 1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்து டில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள் தர்யாகஞ்சில் மோத்தி மஹாலைத் தொடங்கினார்கள். தந்தூர் அடுப்பை நாடறியச் செய்தது அந்தக் கடை. எழுபதுகளின் பிற்பகுதியில் டில்லி மௌர்யா ஓட்டலில் 'புகாரா' வந்தது. தாழ்ந்த இருக்கை, கழுத்தில் கட்டிக்கொள்ள ஏப்ரன், முள்கரண்டி கிடையாது, கையால்தான் சாப்பிட வேண்டும். தந்தூர்க் கனலில் இரவெல்லாம் கிடக்கும் கறுப்பு உளுந்துப் பருப்புக்கு அமெரிக்க ஜனாதிபதிகளும் வந்து உட்கார்ந்தார்கள். 'இந்தியச் சாப்பாடு' என்றால் இதுதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. மதராஸ் ஓட்டல்காரர்களும் அதையே நம்பினார்கள்.

சமையலறைக்குள்ளும் ஒரு காரணம் இருந்தது. வெளியே அதிகம் பேசப்படாத காரணம். கேட்டரிங் கல்லூரிகளில் அடிப்படைப் பாடம் பிரெஞ்சு முறை. ஐந்து தாய் சாஸ்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் நூறு சாஸ்கள். இந்தியச் சமையலையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடைத்தார்கள். வெங்காயம் தக்காளி மசாலா ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை கிரேவி ஒன்று, வெண்ணெயும் தக்காளியும் சேர்ந்த மக்கனி கிரேவி ஒன்று. இவற்றைக் காலையிலேயே பெரிய டேக்சாக்களில் செய்து வைத்துவிட்டால் போதும். இரவு எந்த ஆர்டர் வந்தாலும் வாணலியில் ஒரு கரண்டி கிரேவி, பனீரோ கோழியோ ஒரு கை, கொஞ்சம் கிரீம், ஐந்து நிமிடத்தில் தட்டு மேசைக்குப் போய்விடும்.

நம் சமையல் இந்தக் கணக்குக்கு மசியாது. மோர்க்குழம்புக்கு ஓர் அரைப்பு, வத்தக்குழம்புக்கு இன்னொன்று, செட்டிநாட்டுக் கோழிக்கு வறுத்து அரைக்க வேண்டியது முற்றிலும் வேறு. மோர்க்குழம்பைத் திரும்பக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். வத்தக்குழம்போ மறுநாள்தான் ருசி கூடும். ரசம் நுரை கட்டும்போது இறக்காவிட்டால் கெட்டது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தாய் கிரேவி கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு குழம்புக்கும் தனி ஆள், தனி நேரம், தனி அரவை வேண்டும். அந்தக் கூலியைக் கொடுத்துச் செய்தாலும், 'வீட்டில் கிடைப்பதற்கு இங்கே ஏன் இவ்வளவு காசு?' என்று கேட்கும் ஊர் இது. உட்லண்ட்ஸ், தாசப்பிரகாஷ் போன்ற சைவ ஓட்டல்காரர்கள் வயிறார, சுத்தமாக, மலிவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நட்சத்திர ஓட்டலுக்கு மிஞ்சியது காலை இட்லி தோசை மட்டும். பகல் பன்னிரண்டு மணிக்குமேல் தமிழ்ச் சாப்பாட்டுக்கு அங்கே வேலை இல்லை.

சாப்பிடப் போனவர்களுக்கும் அந்தக் கூடம் அந்நியம்தான். அன்று நடுத்தரக் குடும்பம் ஒன்று யாராவது அழைத்தால்தான் அங்கே போகும். கம்பெனி விருந்து, வெளிநாட்டுச் சம்பந்திகள், சினிமாக்காரர்களின் வெற்றி விழா. செருப்பு மாட்டலாமா, ஷூ கட்டாயமா என்ற பேச்சு முந்தின நாளே வீட்டில் நடக்கும். சோற்றைக் கரண்டியால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதில் பாதி மேசைத்துணியில் விழும். காப்பி என்றால் பீங்கான் கெட்டிலில் ஒரு டிகாக்‌ஷன், பக்கத்தில் ஆறிய பால், பொட்டலச் சர்க்கரை. அந்தக் காப்பிக்குப் பிறகு வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் போட்டுக் குடித்த மாமாக்கள் பலர்.

உடையைப் பற்றிச் சொல்லும்போது 2014 ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னை கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. ஊர் கொதித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் வேட்டிக்குத் தடை போடும் விதிகளை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது கிளப்பில் நடந்தது, ஓட்டலில் இல்லை. என்றாலும் வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன் நாம் என்னவாக உட்கார வேண்டும் என்று யாரோ தீர்மானித்த காலம், சுதந்திரத்துக்கு அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நீடித்தது என்பதற்கு அது சாட்சி. இன்று நட்சத்திர ஓட்டல் உணவகத்தில் பட்டு வேட்டியும் ரப்பர் செருப்புக்குச் சற்றே மேலான செருப்புமாகப் பெரியவர்கள் தாராளமாக வந்து அமர்கிறார்கள். காப்பி பித்தளை டவரா டம்ளரில் நுரையோடு வருகிறது. எனக்கு இதில் அப்பட்டமான சந்தோஷம்.

மறுபடி சாப்பாட்டுக்கு வந்தால், திருப்பம் 1989-இல். டி.டி.கே. சாலையில் அடையார் கேட் என்று ஊர் அழைத்த பார்க் ஷெரட்டனில் 'தக்ஷிண்' திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்குக்கும் சேர்த்து ஒரு நட்சத்திர உணவகம். கோயில் தூண்கள், தஞ்சாவூர்ப் படங்கள், மெல்லிய கர்நாடக இசை. பளபளக்கும் தட்டின்மேல் அதற்கேற்ப வட்டமாக நறுக்கிய வாழையிலை. உட்கார்ந்ததும் உள்ளங்கையில் அடங்கும் வாழைப்பழ தோசைகள் வரும், கூடவே வகைவகையாகச் சட்னி. ஒரு தள்ளுவண்டியில் அடையும் பணியாரமும் கண்ணெதிரே சுட்டுத் தருவார்கள். 'ஐயர்ஸ் ட்ராலி' என்று அதற்குப் பெயர். கையால் சாப்பிடுவது அங்கே இயல்பு. எலுமிச்சை மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் முதல் முறையாக அர்த்தத்தோடு மேசைக்கு வந்தது. அதுவரை கரண்டியால் சாப்பிட்டவன் கையைக் கழுவ அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

அலங்காரத்தைவிட முக்கியம் அதன் சமையலறையில் நடந்தது. அந்தச் சமையலறையைப் பல ஆண்டுகள் நடத்திய செஃப் பிரவீண் ஆனந்த், ஊர் ஊராகப் போய், வீடுகளிலும் பழைய சமையற்காரர்களிடமும் கேட்டு மறந்துபோன பதார்த்தங்களைச் சேகரித்தார். இதே காலத்தில் தாஜ் குழுமத்தில் கமெலியா பஞ்சாபி, ஓட்டல் சமையற்காரர்களை வீட்டு அடுப்புகளுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் முறையைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தார். 1990-இல் பெங்களூரில் வந்த 'கரவல்லி' அந்தப் பிடிவாதத்தின் பலன். மங்களூர், கொடகு, கேரளக் கரையோர வீடுகளின் சமையல். அதன் முதல் செஃப் ஸ்ரீராம் அய்லூர் பிறகு லண்டனுக்குப் போய் 'குவிலான்' உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் வாங்கினார். சென்னை கன்னிமாராவில் மரத்தடித் திறந்தவெளியில் 'ரெயின்ட்ரீ', செட்டிநாட்டுச் சமையலுக்கென்றே. கோரமண்டலில் 'சதர்ன் ஸ்பைஸ்'. தாய் கிரேவியின் ஆட்சி அசைந்தது இப்படித்தான். ஒவ்வொரு குழம்புக்கும் தனி அரவை என்ற நம் வீட்டுப் பிடிவாதத்துக்கு ஓட்டல் முதலாளி கூலி கொடுக்க ஒப்புக்கொண்டார்.

தக்ஷிண் அலங்காரத்தைப் பார்த்து 'இது என்ன கோயிலா, சாப்பாட்டுக் கூடமா' என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. பல பத்தாண்டுகள் பின்வாசலில் நின்ற சமையலை முன்வாசல் வழியாக அழைக்கும்போது பித்தளையும் விளக்கும் வேண்டியிருந்தது. உள்ளே என்ன பரிமாறினார்கள் என்பதே கேள்வி. அதில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள். குழம்பு, ரசம், மோர் என்ற வரிசை இருந்தது. 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' என்ற கேள்வியும் இருந்தது.

இப்போது ஆவர்த்தனாவுக்கு வருகிறேன். அங்கே 7, 9, 11, 13 என்று வரிசைகளாக மெனு. நாம் பண்டங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. எத்தனை என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம், மற்றதைச் சமையலறை தீர்மானிக்கிறது. தூண் இல்லை, தஞ்சாவூர்ப் படம் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மூன்று வாய். தென்னாட்டு ருசி நாக்கில் தெரியும், உருவம் கண்ணுக்குப் பழகியதாக இருக்காது. கடைசியில் சோம்பு மணக்கும் பன்னா கோட்டா என்ற இத்தாலியப் பால் இனிப்பு. 2023-இல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் இது 30-ஆவது இடம் பிடித்தது. கொல்கத்தா, மும்பை, டில்லி என்று கிளைகள் போய், 2024-இல் கொழும்பிலும் திறந்துவிட்டது. பெஷாவரிலிருந்து மதராஸுக்குச் சாப்பாடு இறங்கி வந்தது அன்று. மதராஸிலிருந்து டில்லிக்கு ரசம் ஏறிப் போகிறது இன்று. இதைச் சின்ன விஷயமென்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். சமையல் வகுப்பில் பிரெஞ்சு சாஸை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறைக்குப் பின், தம் பாட்டியின் சாற்றமுதைப் பார்த்து 'இதை எத்தனை விதமாகத் தெளியவைக்கலாம்' என்று ராத்திரி பகலாக யோசிக்கும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள்.

சமையற்காரரின் நிலையும் மாறிவிட்டது. அன்று அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வியர்வையில் நின்ற ஆள். இன்று மேசைக்கே வந்து பேசுகிறார், பெயர் தெரிகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. 'தம் புக்த்' உணவகத்தின் இம்தியாஸ் குரேஷிக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அடுப்படிக்கே கிடைத்த கௌரவமாகப் பலர் அதைக் கொண்டாடினார்கள்.

ஆனாலும் முன்பே சொன்ன அந்த வருத்தத்துக்கு வருகிறேன். மறுசோறு போய்விட்டது. நம் பந்தியின் உயிர் அதுதான்: பரிமாறுபவர் வாளியோடு வந்து நிற்பார், நாம் இலைமேல் கையை விரித்து 'போதும் போதும்' என்போம், அவர் அதையும் மீறி ஒரு கரண்டி ஊற்றுவார். எண்ணி வைத்த தட்டுகளில் இதற்கு இடம் இல்லை. குழம்பு, ரசம், மோர் என்ற இறங்குவரிசைக்கும் இடம் இல்லை. காரத்தில் தொடங்கி மோரில் வயிற்றைக் குளிரவைத்து முடிக்கும் அந்த நிதானம் அனுபவத்தால் வந்தது, யாரோ அலங்காரத்துக்காக ஏற்படுத்தியதல்ல. போதாக்குறைக்கு, தக்ஷிண் காலத்தில் ஓரம் போன கரண்டி முள்கரண்டியெல்லாம் திரும்பி வந்துவிட்டன.

நகரின் இன்னொரு ஓட்டலில், இதேபோல வரிசை மெனு போடும் இடம், அம்மாவை அழைத்துப் போயிருந்தோம். எண்பதைத் தொடும் வயது. ஏழெட்டுச் சொட்டுப் புளிக்குழம்பு ஊற்றிய கத்திரிக்காய் ஒன்று வந்தது. அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டுப் பரிமாறிய பையனைப் பார்த்தார். "தம்பி, ரொம்ப நல்லா இருக்குப்பா. கொஞ்சம் சாதம் போட்டா பிசைஞ்சு சாப்பிட்டுக்குவேன்." பையன் மணிப்பூர்க்காரன், தமிழ் இங்கே வந்து கற்றது. மெனுவில் சாதம் கிடையாது என்று மேலாளர் தூரத்திலிருந்தே தலையசைத்தார். பையன் குனிந்து, "இருங்கம்மா, உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்று போனான். சின்னக் கிண்ணத்தில் ஆவி பறக்கும் சோறு, அதன்மேல் நெய், தனியாக அரைக்கரண்டி குழம்பு. ஊழியர்களுக்கு வடித்த சோறாகத்தான் இருக்க வேண்டும். பில்லில் அது ஏறவில்லை. அம்மா அந்தப் பையனின் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இதுவும் ஒரு மாற்றம். அன்று தலைப்பாகை கட்டிய வயதான மலையாளிகளும் தமிழர்களும் பரிமாறினார்கள். இன்று மணிப்பூர், மிசோரம், அஸ்ஸாம் பிள்ளைகள் 'இது சுண்டைக்காய் வத்தல், கொஞ்சம் கசக்கும்' என்று நமக்கே விளக்குகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, அடுத்தவர் அடுப்பின் மொழியைக் கற்றுக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

விலையைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டல் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் அங்கே சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தெருமுனை உணவகத்தில் 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பலர் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. ஒரு வேளை உணவுக்கு ஒரு குடும்பத்தின் மாத மளிகைக் கணக்கு ஆகிவிடும். என்றாலும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பிள்ளையின் முதல் சம்பளத்துக்கும் இன்று சாதாரணக் குடும்பங்கள் அங்கே போகின்றன, யாரும் அழைக்காமல், தங்கள் காசில்.

தக்ஷிணைப் பெற்ற அந்த டி.டி.கே. சாலை ஓட்டல், கடைசியில் கிரௌன் பிளாசா என்ற பெயரில் இருந்தது, 2023 டிசம்பரில் கதவடைத்தது. இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாகச் செய்தி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே சேர்ந்த சமையல் குறிப்புகளும் கைப்பக்குவமும் சமையற்காரர்களோடு ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. ஓட்டல்கள் கட்டடத்தைப் பாதுகாக்கும் அளவுக்குக்கூடச் சமையலைப் பாதுகாப்பதில்லை. காரைக்குடி 'பங்களா' ஒரு நல்ல விதிவிலக்கு. மீனாட்சி மெய்யப்பன் தம் விடுதியின் சமையலைப் புத்தகமாகவே கொண்டுவந்தார், அட்டையில் தம் பெயரோடு.

அந்த 'பெயரோடு' என்பதில்தான் எனக்குத் தீராத கோரிக்கை இருக்கிறது. வீட்டு அடுப்பிலிருந்து ஓட்டலுக்குப் போன குழம்புகளில் பெரும்பாலானவை யாரோ ஒரு அத்தை, ஒரு ஆச்சி, ஒரு ஆயா கற்றுக்கொடுத்தவை. மெனுவில் 'பாட்டி கைப்பக்குவம்' என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். எந்தப் பாட்டி, எந்த ஊர் என்று ஒரு வரி போட்டால் தாள் கிழிந்துவிடாது.

இன்னும் உள்ளே வராத அடுப்புகளும் நிறைய. செட்டிநாடு வந்துவிட்டது, ஐயர் வீட்டு வத்தக்குழம்பு வந்துவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் சமையல் எங்கே? கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதமும் மதுரைக் குடல் குழம்பும் எங்கே? கருவாட்டின் மணம் லாபிக்கு வந்துவிடும் என்று பயந்தே அதை மெனுவில் சேர்க்காமல் இருக்கிறார்கள். புளித்த பாலாடைக்கட்டிக்கு அந்தப் பயம் இல்லை. சேரி அடுப்புகளின் மாட்டிறைச்சி உப்புக்கண்டத்தைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை. வருவதெல்லாம் 'உணவுத் திருவிழா' என்று ஒரு வாரம் வந்து போகிறது. அந்த ஒரு வாரத்துக்கு ராமநாதபுரத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ ஒரு அம்மாவை வரவழைத்து, நின்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, பஸ் சார்ஜும் ஒரு பொன்னாடையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் சொல்லிக்கொடுத்த குழம்பு நிரந்தர மெனுவில் ஏற வேண்டும். தட்டு விற்கும் ஒவ்வொரு முறையும் அதில் அவருக்கு ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும்.